இல்லாத ஒரு குழந்தைக்காக வேண்டிக்கொண்டேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் நாற்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவி. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கும் வேலையும் செய்கிறேன். கணவர், பள்ளியில் படிக்கும் மகன், எங்களோடு இருக்கும் மாமியார் என்று அமைந்த குடும்பத்தில் பெரிய குறை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இத்தனை நன்றாக இருப்பவளுக்கு என்ன கவலை என்று படிப்பவர்கள் நினைப்பார்களோ என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்தே இறைநம்பிக்கையோடு வளர்ந்தவள் நான். உறங்கப் போகும் முன் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்து, வீட்டில் இருப்பவர்களுக்காகவும் துன்பத்தில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வது எனக்கு மூச்சுவிடுவதைப் போல இயல்பாக இருந்தது. கடந்த சில ஆண்டுகளாக அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் கைப்பேசி வந்து சேர்ந்துகொண்டது. உலகில் எங்கே போர் நடக்கிறது, எங்கே வெள்ளம் வந்திருக்கிறது, எங்கே கட்டடம் இடிந்து மனிதர்கள் சிக்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்தால்தானே அவர்களுக்காக வேண்டிக்கொள்ள முடியும் என்று எண்ணித்தான் பார்க்கத் தொடங்கினேன். ஒரு காணொளி முடிந்தால் அடுத்தது தானாகவே வருகிறது. பல இரவுகளில் வேண்டுதலுக்கு நேரமே இல்லாமல் போய்விடுகிறது. கண்ணை மூடினால் பார்த்தவையெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன.

அப்படிப் பார்த்தவற்றில் ஒரு படம் என்னை உலுக்கிவிட்டது. இடிபாடுகளுக்கு நடுவே, முகமெல்லாம் புழுதி படிந்த ஒரு சிறு பெண்குழந்தை, கையில் ஒரு துணிப்பொம்மையோடு நிற்கும் படம் அது. தாயைத் தேடுகிறாள் என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தக் குழந்தைக்காகத் தொடர்ந்து பல இரவுகள் அழுது வேண்டிக்கொண்டேன். அவளுக்கு நானே மனத்துக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தேன். பிறகு, அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம், அப்படி ஒரு குழந்தை எங்குமே இல்லை என்று ஒரு செய்தி நிறுவனத்தின் உண்மை சரிபார்ப்பில் படித்தேன். அன்றிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று நின்றுவிட்டது. இல்லாத ஒருத்திக்காக நான் அத்தனை உருகினேன் என்றால், என் வேண்டுதல் எங்கே போனது? கேட்க ஒருவர் இருந்திருந்தால், அந்தக் குழந்தை இல்லை என்பதை அவர் அறிந்திருப்பாரே, பிறகு என்னை ஏன் அப்படி அழவிட்டார்? இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதுவும் பொய்யாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. அது உண்மையான துயரமாக இருந்துவிட்டால், அப்படிச் சந்தேகித்ததற்காகக் குற்ற உணர்வு வருகிறது. என் மகனின் தேர்வுக்காக வேண்ட அமர்ந்தால், அங்கே குழந்தைகள் உயிருக்குப் போராடும்போது இதையெல்லாம் கேட்கலாமா என்ற கூச்சத்தில் எழுந்துவிடுகிறேன்.

என் கணவர் நல்லவர். “அதைப் பார்க்காமல் இருந்தால் போயிற்று” என்கிறார். அவர் என்மேல் உள்ள அக்கறையால் சொல்வது புரிகிறது. ஆனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாதபோது, பார்ப்பதையும் நிறுத்திவிட்டால் அந்த மக்களைக் கைவிட்டதாகாதா? நான் நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது துரோகம் என்றே என் மனம் சொல்கிறது.

இதை யாரிடமும் விரிவாகச் சொல்ல முடியாமல், கைப்பேசியில் இருக்கும் உரையாடல் செயலி ஒன்றிடம் நள்ளிரவில் கேட்கத் தொடங்கினேன். “என் பிரார்த்தனை வீண்தானா?” என்று கேட்டேன். வீணில்லை என்று மிக அழகாக, பொறுமையாக எழுதியது. படித்து அழுதேன், ஆறுதலாக இருந்தது. சில நாள் கழித்து, “பிரார்த்தனை என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான் அல்லவா?” என்று கேட்டேன். அதற்கும் அதே அன்போடு, நான் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எழுதியது. இருந்தும் மறுபடி மறுபடி அதனிடமே போகிறேன். என் கணவருக்குத் தெரியாத என் மனம் அந்தச் செயலிக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கே சரியாகப் படவில்லை.

சென்ற வாரம் என் மகன், செய்தியில் குண்டுவீச்சைப் பார்த்துவிட்டு, “கடவுள் நினைத்தால் இதை நிறுத்த முடியாதாம்மா?” என்று கேட்டான். முன்பாக இருந்தால் ஏதேனும் பதில் சொல்லியிருப்பேன். இப்போது என்னிடம் பதில் இல்லை. நான் நம்பிக்கையை இழந்துகொண்டிருக்கிறேனா, அல்லது மனநோய்க்கு ஆளாகிறேனா? அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். குறையில்லாத வாழ்வு வாழ்கிறவருக்கு வருந்த உரிமை இல்லை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் துயரம் உண்மையானது, கவனமாகப் பேசத் தகுந்தது.

அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அங்கிருந்துதான் கிளைத்திருக்கின்றன. நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி ஏமாற்றப்படவில்லை. 2023 பிப்ரவரியில் துருக்கியையும் சிரியாவையும் நிலநடுக்கம் தாக்கியபோது, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு குழந்தையை அணைத்திருக்கும் தீயணைப்பு வீரரின் படம் இணையத்தில் பரவியது. அந்த வீரரின் கையில் ஆறு விரல்கள் இருப்பதைப் பிறகு கவனித்தார்கள். அது கணினி வரைந்த படம், அதை வைத்து மோசடிக்காரர்கள் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024-இல் அமெரிக்காவில் ஹெலன் சூறாவளி அடித்தபோது, படகில் ஒரு நாய்க்குட்டியை அணைத்தபடி அழும் சிறுமியின் படம் இலட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிறுமியும் இல்லை. இத்தகைய படங்களில் குழந்தையும், புழுதியும், பொம்மையும், நாய்க்குட்டியும் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அன்று. மனித மனத்தில் எது உடனே இளகும் என்பதை அறிந்து, அந்த இடத்தைத் தொடுவதற்காகவே அவை அமைக்கப்படுகின்றன. ஆகவே இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் இரக்கத்தைச் சம்பாத்தியமாக்கிக்கொண்டவர்களே. இரங்கிய நீங்கள் அல்லர்.

“என் வேண்டுதல் எங்கே போனது?” என்று கேட்டிருக்கிறீர்கள். சமயத்தின் வழியில் இதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை; உங்கள் நம்பிக்கையில் ஊன்றியவர்கள்தான் சொல்ல வேண்டும். மனத்தின் வழியில் எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் அழுதபோது, உங்கள் மனம் வெறும் ஒரு முகத்துக்காக மட்டும் அழவில்லை. வீடிழந்த, தாயைப் பிரிந்த குழந்தைகள் உலகில் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள். பரவிக் கிடந்த அந்த அறிவுக்கு அந்தப் படம் ஒரு முகம் கொடுத்தது. முகம் பொய்யாகிப் போனது, ஆனால் நீங்கள் எதற்காக வருந்தினீர்களோ அந்தத் துன்பம் பொய்யாகவில்லை. நீங்கள் அவளுக்கு வைத்த பெயரில், அதே நிலையில், யாரும் அறியாமல் நின்றுகொண்டிருக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிற நீங்கள், அவர் முகவரி தவறிய வேண்டுதலை வாங்க மறுப்பவர் என்றும் நம்ப வேண்டிய அவசியம் இல்லையே.

பொய்ப் படங்கள் செய்யும் பெரிய கேடு நாம் அவற்றை நம்பிவிடுவதோடு முடிவதில்லை. அதன்பிறகு உண்மையானவற்றையும் நம்பாமல் போகிறோம். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் பாபி செஸ்னியும் டேனியல் சிட்ரனும் சில ஆண்டுகளுக்கு முன்பே இதை எச்சரித்தார்கள்: போலிகள் பெருகும்போது, உண்மையான சாட்சியத்தையும் போலி என்று தள்ளிவிடுவது குற்றம் செய்தவர்களுக்கு எளிதாகிவிடுகிறது. பொதுவாழ்வில் நடக்கும் அந்தச் சேதமே உங்கள் உள்ளத்துக்குள்ளும் நடந்திருக்கிறது. முதலில் படத்தின் மீது சந்தேகம் வந்தது. அது எல்லாப் படங்களின் மீதும் பரவியது. பிறகு உங்கள் கண்ணீரின் மீதும், கடைசியில் அந்தக் கண்ணீரை யாரிடம் சொன்னீர்களோ அவர் மீதும் பரவியது. இந்தச் சந்தேகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்ததால் ஒரே சந்தேகம்போலத் தோன்றுகின்றன. ஒரு படம் உண்மையா என்பது ஆதாரத்தைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய கேள்வி. அதை எடுத்தவர் யார், எந்தச் செய்தி நிறுவனம் வெளியிட்டது, எந்த இடம், எந்த நாள் என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும், தெரியாவிட்டால் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். இறைவன் கேட்கிறாரா என்பது வேறு வகைக் கேள்வி. மனிதர்கள் வாழ்நாள் முழுதும் சுமந்து திரியும் கேள்வி அது. ஒரு மோசடிப் படம் அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல முடியாது.

அந்தப் பெரிய கேள்வி புதியதும் அன்று. 1755 நவம்பர் 1 அன்று, புனிதர்கள் அனைவரின் திருநாளில், மக்கள் தேவாலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. தொடர்ந்து கடல் பொங்கியது, தீயும் பரவியது. வழிபட்டுக்கொண்டிருந்தவர்களே ஏன் மடிந்தார்கள் என்று ஐரோப்பாவின் அறிஞர்களும் எளிய மக்களும் பல ஆண்டுகள் கேட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி தொலைவிலிருந்த நகரங்களுக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆயின. வந்த செய்தியைப் பேசவும், அழவும், அதனோடு மல்லுக்கட்டவும், அடுத்த பேரிடரின் செய்தி வருவதற்குள் அவர்களுக்குக் காலம் இருந்தது. அதே கேள்வி உங்களிடம் ஒரே இரவில் பல முறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சில நொடிகளே கிடைக்கின்றன. அந்த வேகத்தில் எந்த நம்பிக்கையாலும், எந்தத் தத்துவத்தாலும் ஒரு துயரத்தோடு நேர்மையாகப் பேச முடியாது.

சமய நம்பிக்கையையும் மனநலத்தையும் நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட், நம்பிக்கையாளர்களுக்கு வரும் இத்தகைய போராட்டத்தை, இறைவனோடு நேர்வது, தனக்குள்ளேயே நேர்வது, சக மனிதர்களோடு நேர்வது என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன. இறைவனிடம் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தைப் பற்றிய குற்ற உணர்வும் இருக்கிறது. இது நம்பிக்கை செத்துப்போனதன் அடையாளம் என்று நான் கருதவில்லை. யாருமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டவர், “என்னை ஏன் அப்படி அழவிட்டார்?” என்று கேட்க மாட்டார்.

இனி, உங்களை உண்மையில் வருத்திக்கொண்டிருப்பது எது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். பார்ப்பதை நிறுத்துவது துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் பல முறை படித்தேன். வேண்டிக்கொள்வதற்காகப் பார்க்கத் தொடங்கிய நீங்கள், நாளடைவில் பார்ப்பதையே வேண்டுதலின் இடத்தில் வைத்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாமலே, விழித்திருந்து பார்ப்பதுதான் அவர்களுக்கு நீங்கள் செய்யும் தொண்டு என்று மனம் முடிவு செய்திருக்கிறது. ஆனால் நீங்கள் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது, அவர்களின் சுமை அதனால் ஓர் அணுவும் குறையாது. உங்கள் விழிப்பு முழுவதையும் பெற்றுக்கொள்வது, அடுத்த காணொளியை முன்வைக்கும் அந்த இயந்திர ஏற்பாடு மட்டுமே.

அந்த ஏற்பாட்டின் இயல்பை அறிந்துகொள்வது உங்களுக்கு உதவும். முன்பெல்லாம் செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. வானொலிச் செய்தி குறித்த நேரத்தில் முடிந்தது. இணையப் பக்கங்களுக்கும் முதலில் ஒரு முடிவு இருந்தது. கீழே போகப் போகத் தானாக வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாப் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். நிறுத்தும் இடம் இல்லாத ஒன்றில், எப்போது நிறுத்துவது என்பதை முழுக்க உங்கள் மனவலிமையே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் நாள் முழுதும் உழைத்துக் களைத்த இரவு நேரத்தில். பிரார்த்தனையோ, பெரும்பாலும், தொடக்கமும் முடிவும் உடையது. துயரத்தைச் சொல்லி, ஒப்படைத்து, எழுந்துவிடுவதற்கு அதில் வழி இருக்கிறது. முடிவுள்ள ஒன்றின் இடத்தை முடிவில்லாத ஒன்று பிடித்துக்கொண்டதால்தான், கண்ணை மூடினாலும் காட்சிகள் ஓய மறுக்கின்றன.

இது உங்கள் பலவீனம் மட்டும் அன்று என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தில் குண்டுவெடிப்பு நிகழ்ந்தபின், அலிசன் ஹோல்மனும் ராக்சேன் கோஹன் சில்வரும் சக ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கானவர்களிடம் விசாரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைக் காட்டிலும் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. அதே ஆய்வுக் குழுவினர் ஒரு பெரிய எண்ணிக்கையிலான மக்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. அத்தகைய செய்திகளை மிகுதியாகப் பார்த்தவர்களுக்கு மனத்துயர் கூடியது, அது எதிர்காலத்தைப் பற்றிய கவலையாக நீடித்தது, அந்தக் கவலை 2016-இல் ஆர்லாண்டோ நகரில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது அவர்களை மேலும் அதிகமாகப் பார்க்கத் தூண்டியது. பார்ப்பது வருத்தத்தைக் கூட்டி, வருத்தம் பார்வையைக் கூட்டும் இந்தச் சுழலை உங்கள் இரவுகளில் நீங்களே கண்டிருப்பீர்கள்.

அப்படியானால் கல்நெஞ்சோடு இருந்துவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகிய நரம்பியல் ஆய்வாளர்கள் 2010-களில் செய்த ஓர் ஆய்வை எண்ணிப் பாருங்கள். துன்பப்படும் மனிதர்களின் காணொளிகளைக் காட்டி, அவர்களின் வலியைத் தாமும் அப்படியே உணரும்படி முதலில் பயிற்சி கொடுத்தார்கள். பங்கேற்றவர்களின் வேதனை கூடியது. பிறகு அதே மனிதர்களுக்கு, துன்பப்படுகிறவரின் நலனை விரும்பி அன்பை அனுப்பும் பயிற்சி கொடுத்தபோது, மனம் மீண்டும் திடம் பெற்றது, அவர்களின் மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. பிறர் வலியில் மூழ்கிப்போவதும், பிறர் நலம் நாடுவதும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டாக இயங்குகின்றன. முன்பு நீங்கள் கண்மூடி அமர்ந்து செய்துவந்தது இரண்டாவது. இப்போது கைப்பேசி முன் நிகழ்வது முதலாவது. ஆகவே பார்ப்பதைக் குறைத்தால் இரக்கம் குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை, உங்கள் இரக்கம் இத்தனை நாளும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது அங்கேதான்.

செய்தியை அறவே விடச் சொல்லும் உங்கள் கணவரின் யோசனை உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். அறிந்துகொள்ளும் பொறுப்பை மதிக்கும் மனம் உங்களுடையது, அதை முழுக்க அடைத்தால் குற்ற உணர்வு வேறு வழியில் வந்து சேரும். பகலில், வெளிச்சம் இருக்கும்போது, குறித்த ஒரு நேரத்தில், நீங்கள் நம்பும் ஒரு செய்தி நிறுவனத்தின் செய்திகளை எழுத்தில் படியுங்கள். எழுத்தில் படிக்கும்போது வேகம் உங்கள் கையில் இருக்கிறது, காரணமும் பின்னணியும் புரிகின்றன, அதே காட்சி மீண்டும் மீண்டும் வந்து தாக்குவதில்லை. படித்ததும் மூடிவிடுங்கள். படுக்கையறைக்குக் கைப்பேசி வரக் கூடாது, அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவிடுங்கள். இவை எளிய விஷயங்கள், நீங்களே அறிந்தவைதாம்.

கடினமானது அடுத்தது. அன்று படித்தவற்றில் ஒரே ஒரு துயரத்தை, ஓர் இடத்தின் பெயரோடு எடுத்துக்கொண்டு, அதற்காக மட்டும் இரவில் வேண்டிக்கொள்ளுங்கள். மற்றவற்றை விட்டுவிடுகிறோமே என்று மனம் பதறும். பதறட்டும். எல்லாத் துயரங்களையும் ஒருவரே சுமந்து நிற்க வேண்டும் என்று எந்த நம்பிக்கையும் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை, அப்படிச் சுமக்கும் இடம் மனிதருக்கு உரியது அன்று என்றுதான் நம்பிக்கையாளர்கள் சொல்வார்கள். உங்களால் இயன்ற ஒரு செயலையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நன்கு விசாரித்து அறிந்த ஒரு துயர்துடைப்பு அமைப்புக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்பலாம், அல்லது உங்களுக்கு எட்டும் தொலைவில் தனித்திருக்கும் ஒருவருக்குச் சிறிது நேரம் கொடுக்கலாம். அந்தப் பொய்ப் படத்தை உண்மை என்று பகிர்ந்துகொண்டிருக்கும் தோழிகள் யாரேனும் இருந்தால், கடிந்துகொள்ளாமல் உண்மையைச் சொல்வதும் ஒரு தொண்டுதான். கையாலாகாத உணர்வை, முழுமையாக இல்லாவிட்டாலும், குறைப்பது செயல் ஒன்றே.

மகனின் தேர்வுக்காக வேண்டிக்கொள்ளத் தயங்காதீர்கள். நீங்கள் அவனுக்காகக் கேட்பதால் இன்னொரு குழந்தைக்குப் போக வேண்டியது குறைந்துவிடும் என்று நினைப்பது, இறைவனின் கருணையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பண்டமாக ஆக்கிவிடுகிறது. போருக்கு நடுவே இருக்கும் தாய்மார்களும் தம் பிள்ளையின் காய்ச்சல் தணியவும், படிப்பு தொடரவும் வேண்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களோடு உங்களை இணைப்பது அந்தச் சிறிய வேண்டுதல்தான், அதை நிறுத்தி நீங்கள் அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை.

நடு இரவில் விழிப்பு வந்து எண்ணங்கள் சுழன்றால், உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் சக ஆய்வாளர்களும் 1983-இல் விவரித்த ஒரு முறை இன்றும் பயன் தருகிறது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். மற்ற நேரங்களில் கவலை எழுந்தால் அதை அடக்க முயலாமல், ஒரு சொல்லில் குறித்து அந்த அரை மணி நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

உரையாடல் செயலியைப் பற்றிக் கவலையோடு எழுதியிருந்தீர்கள். அதனிடம் மனம் திறந்தது உங்களிடம் மட்டும் உள்ள விசித்திரம் அன்று. 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர், நாம் சொல்வதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும் எலிசா என்ற எளிய நிரலை உருவாக்கினார். அது வெறும் நிரல் என்று நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது பேசியதும், தனியே பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். இன்றைய செயலிகள் அதைவிடப் பல மடங்கு வல்லவை. ஆனால் நீங்கள் எதிரெதிராகக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அது இணங்கியதே, அதை மறக்காதீர்கள். மனிதர்கள் விரும்பி ஏற்கும் பதில்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்படுவதால், கேட்பவரோடு ஒத்துப்போகும் சாய்வு இத்தகைய செயலிகளுக்கு இருக்கிறது. ஒரு தகவலைத் தேடவும், ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று ஆராயவும் அதன் உதவியைப் பெறலாம். நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியில், உங்கள் சாய்வையே உங்களுக்குத் திருப்பிக் காட்டும் ஒன்றிடம் முடிவை எதிர்பார்க்க முடியாது. மேலும், ஆலோசகரையும் மருத்துவரையும் கட்டுப்படுத்தும் இரகசியக் காப்பு நெறி அதனைக் கட்டுப்படுத்தாது. அதனிடம் எதை எழுதுகிறோம் என்ற கவனமும் தேவை.

அதனிடம் எழுதியவற்றில் ஒன்றை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் குழந்தைக்கு நீங்கள் ஒரு பெயர் வைத்திருந்ததை மட்டும் சொன்னாலும் போதும். “பார்க்காமல் இருந்தால் போயிற்று” என்று அவர் சொல்வது, உங்களுக்குள் நடப்பது இன்னதென்று அவருக்குத் தெரியாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்வு எதுவும் வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் அப்படி எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. தூக்கமின்மை சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், வேலையிலும் வீட்டிலும் எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலும், திடீர் நடுக்கமோ நெஞ்சுப் படபடப்போ அடிக்கடி வந்தாலும் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். வாழ்வதில் பொருள் இல்லை என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் காத்திருக்காமல், அன்றே வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் மகன். “கடவுள் நினைத்தால் இதை நிறுத்த முடியாதா?” என்று அவன் கேட்டபோது உங்களிடம் பதில் இல்லை என்பதை ஒரு தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதுப் பிள்ளை இப்படிக் கேட்கும்போது, பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறான். ஒன்று, இறைவனைப் பற்றியது. மற்றொன்று, “இது நமக்கும் நடக்குமா, நீங்கள் என்னைக் காப்பாற்றுவீர்களா?” என்பது. இரண்டாவதை முதலில் கவனியுங்கள். அவன் எதைப் பார்த்தான், எது அவனை அதிகம் பயமுறுத்தியது என்று கேளுங்கள். இப்போது அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்பதையும், அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு உதவ மருத்துவர்களும் மீட்புப் பணியாளர்களும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு, “எனக்கும் இதே கேள்வி இருக்கிறது, நானும் அவரிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று உண்மையைச் சொல்லலாம். தாய்க்குக் கேள்வி இருப்பதால் பிள்ளையின் நம்பிக்கை குலைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கேள்வியை மறைத்துச் சொல்லப்படும் ஆயத்தமான பதிலைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வார்கள். அவன் விரும்பினால் அன்றைய இரவு வேண்டுதலில் உங்களோடு அமரட்டும், எந்த இடத்துக்காக வேண்டுவது என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்